லீவு லெட்டர்

விடிவதற்குள் எட்டு மூட்டை ஆஸ்பத்திரித் துணியை உதறியாகிவிட்டது. உருளை மிஷின் ஆவி கக்கியது. ஈர விரிப்பை ஒரு பக்கம் நுழைத்தால் மறுபக்கம் காய்ந்து வந்து விழும். நுழைக்கும் இடத்தில் ஒரு தடுப்புக் கம்பி இருந்தது. வேலை மெதுவாகிறதென்று முதலாளி அதைக் கழற்றிப் போட்டான். போன வாரம் அங்கே நின்ற நெட்டையக்காவின் மூன்று விரல் உள்ளே போயிற்று; அவளை வேலையை விட்டும் நிறுத்திவிட்டான். இன்றைக்கு அதே மிஷினில் நான். பாவி, ரத்தக் கறையை அலசச் சொன்னானே தவிர கம்பியை மாட்டவில்லை. மாட்டச் சொல்லி அவனிடம் போய்க் கேட்டோம்.

"வாயால சொன்னா எனக்குக் கேக்காது. எழுதிக் குடு," என்றான்.

எங்களில் எட்டாவது வரை படித்தவள் நான் ஒருத்திதான். எனக்குத் தெரிந்த ஒரே கடிதம் பள்ளிக்கூடத்து லீவு லெட்டர். சாப்பாட்டு நேரத்தில் அதே மாதிரி எழுதினேன். கம்பியைப் பற்றியெல்லாம் சொல்லிவிட்டு, கை பழகிய வேகத்தில் 'விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று முடித்துத் தொலைத்தேன். கீழே என் கையெழுத்து மட்டும்.

அவன் எல்லாரையும் கூப்பிட்டுச் சத்தமாக வாசித்தான். சிரிப்புத் தாங்கவில்லை அவனுக்கு.

"லீவுதானே கேட்டிருக்க? குடுத்தாச்சு. நாளையிலேர்ந்து வராத."

இஸ்திரி போடும் அண்ணன்தான் வாயைத் திறந்தார்.

"அப்ப அந்த மிஷின்ல நாளைக்கு யாரு நிப்பா?"

"உங்கள்ல ஒருத்தி நிப்பா."

"நீங்களே நின்னுக்கங்க," என்றாள் துணி மடிப்பவள்.

அண்ணன் போய் மெயின் சுவிட்சை இறக்கினார். மடிக்கிற மேஜையைச் சுற்றிப் வேலையாட்கள் பதினெட்டுப் பேரும் நெருக்கியடித்து நின்றார்கள்.

"தங்கச்சி, திரும்ப எழுது. முதல்ல தேதி போடு."

"விரல் போன தேதியையும் போடும்மா."

போட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதினேன். கம்பி வேண்டும், நெட்டையக்காவுக்கும் எனக்கும் வேலை வேண்டும், அதுவரை மிஷின் ஓடாது. பதினெட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டார்கள். எழுதத் தெரியாதவர்கள் கட்டைவிரலை மையில் தோய்த்தார்கள்.

அவன் வாங்கினான். கிழித்தான்.

"இன்னொரு தாள் எடும்மா," என்றார் அண்ணன்.

எழுதினேன். மறுபடியும் பதினெட்டுப் பேர் வரிசையில் வந்தார்கள். அதையும் கிழித்தான்.

மூன்றாவதை நீட்டியபோது கிழிக்கவில்லை. கம்பி மாட்டுகிறேன் என்றும் சொல்லவில்லை. முதல் வரியிலிருந்து, சத்தமில்லாமல், வாசிக்க ஆரம்பித்தான். நாங்கள் ஒருத்தரும் நகரவில்லை.