பெயர் மாற்றும் பெட்டியில் பதினைந்து எழுத்து

1.

இந்தக் கதை பிறக்கக் காரணம், ஒரு லேப்டாப்பின் மதர்போர்டு கருகியது. இதைவிட உயர்ந்த காரணம் கிடைக்குமா என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. கோலா சிலாங்கூரில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. லேப்டாப், பிரிண்டர், ஹேண்ட்போன் பழுது பார்ப்பேன். மிச்ச நேரத்தில் கதை எழுதுவேன். சுகுமாறன் என்ற பெயர் ஞாயிறு பத்திரிகையில் எப்போதாவது வரும். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு நான் எழுதுவது தெரியாது. படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு நான் ஸ்குரூ கழற்றுவது தெரியாது. இரண்டு தரப்பையும் சந்திக்கவிடாமல் இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன்.

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

"மழை விட்டிருந்த ஒரு மத்தியானத்தில் புனிதவதி கடைக்குள் நுழைந்தபோது" [வேண்டாம். மழையே பெய்யவில்லை. மழை இல்லாமல் கதை தொடங்க என் கைக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.]

"தாய்மை என்பது" [சீ.]

"புனிதவதி அக்கா லேப்டாப்பைக் காலி அரிசிப் பையில் சுற்றிக் கொண்டுவந்தார்." [இது நடந்தது. இதை வைத்துக்கொள்வோம்.]

2.

புனிதவதி அக்காவுக்கு ஐம்பத்து மூன்று வயது. பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறார். இன்னமும் தோட்டம் கொடுத்த லயத்து வரிசை வீடுதான். போன மாதம் இடி இடித்த ஒரு நாளில், சார்ஜில் கிடந்த லேப்டாப் புகைந்துவிட்டது. மகள் நித்தியாவுக்குப் புஞ்சாக் ஆலாமில் பல்கலைக்கழக இடம் கிடைத்திருக்கிறது. அவளுக்கு அது வேண்டும். போன வாரம் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். நான் போர்டை மாற்றி, விண்டோசை மறுபடி ஏற்றி வைத்திருந்தேன். எல்லாம் ஓடியது. திரையின் மூலையில் மட்டும், விண்டோசை ஆக்டிவேட் செய்யச் சொல்லும் வெளிறிய எழுத்து நின்றது.*

* ஆக்டிவேஷன் என்பது உரிமம் சரிபார்ப்பது. உரிமம் மதர்போர்டோடு கட்டப்பட்டிருக்கும். போர்டை மாற்றினால், அதே லேப்டாப்பாக இருந்தாலும், விண்டோஸ் அதை யாரோ புது ஆள் என்று நினைத்துக்கொள்ளும். பழைய சொந்தக்காரரின் கணக்கில் நுழைந்து, "இது அதே லேப்டாப்தான்" என்று நாம் சாட்சி சொல்ல வேண்டும். இதில் கதை எதுவும் இல்லை என்றுதான் பதினெட்டு வருடமாக நம்பியிருந்தேன்.

இன்று லேப்டாப்பை வாங்கிப்போக வந்தவரிடம், "இது யாரு பேர்ல இருக்குக்கா? அவுங்க ஈமெயிலும் பாஸ்வேர்டும் வேணும்" என்றேன்.

"என் மவன் பவனேஷோடதுதான். நித்தியா எழுதிக் குடுத்திருக்கா" என்று ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார்.

"பையன் வேலைக்குப் போயிட்டானாக்கா?"

"இல்ல தம்பி. தவறிட்டான்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதற்காகக் காத்திருந்தவர்போல உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். பவனேஷ் இரண்டு வருடம் நான்கு மாதத்துக்கு முன்னால், இருபத்து மூன்று வயதில், கூட்டாளி ஒருவன் சொன்ன வேலைக்குத் தாய்லாந்து போனான். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பேசுகிற வேலை, தங்குமிடம் இலவசம். ஐந்து மாதம் போன் வந்தது. கடைசியாகப் பேசியபோது, தான் இருப்பது தாய்லாந்து இல்லை என்று மட்டும் சொன்னான். ஊர்ப் பெயரைச் சொல்வதற்குள் யாரோ போனைப் பிடுங்கியதுபோல இருந்ததாம். அப்புறம் பேச்சே இல்லை. போலீஸ் ரிப்போர்ட் கொடுத்தார்கள். யார் யாரையோ பார்த்தார்கள். கடைசியில் தோட்டத்து முனியாண்டி கோயிலில் பூக் கட்டிப் போட்டுப் பார்த்தார்கள்.

"செவப்பு வந்தா இருக்கான், வெள்ள வந்தா இல்லன்னு நெனச்சிக்கிட்டோம். மூணு தடவ போட்டாங்க தம்பி. மூணும் வெள்ள."

ஏழு மாதத்துக்கு முன்னால், இதே ஊர் ஆற்றங்கரையில், படத்தை வைத்துக் கருமாதி செய்துவிட்டார்கள். அவன் மாமா அஞ்சலி போஸ்டர் அடித்து, பேஸ்புக்கிலும் போட்டாராம்.

[இங்கே ஒரு பத்தி நிறைய மூடநம்பிக்கையைச் சாடி எழுதினேன். அழித்துவிட்டேன். பிள்ளையைப் பற்றி யாருமே பதில் சொல்லாதபோது, பதில் சொன்னது அந்தப் பூப் பொட்டலம் மட்டும்தான். நானாக இருந்தாலும் பிரித்துப் பார்த்திருப்பேன்.]

3.

சீட்டிலிருந்ததைத் தட்டினேன். நுழைந்துவிட்டது. பவனேஷின் கணக்கில் சேர்ந்திருக்கும் கணினிகளின் பட்டியல் வந்தது. ஒரே ஒரு பெயர் இருக்கும், அதைத் தொட்டு, "இப்போது நான் பயன்படுத்தும் கணினி இதுதான்" என்று சொல்லி அனுப்பிவிடலாம் என்று இருந்தேன்.

இரண்டு இருந்தன.

முதலாவது இந்த லேப்டாப். இரண்டாவதற்குப் பெயரென்று சொல்ல எதுவும் இல்லை, பெட்டியிலிருந்து எடுத்ததும் தானாக விழும் எழுத்தும் எண்ணும்தான். சேர்க்கப்பட்டது போன வருடம். கடைசியாகப் பயன்படுத்தியது: நேற்று.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதை அழகாக எழுத ஒரு வழியும் தெரியவில்லை. "என் விரல்கள்" [அழித்தேன்.] "காலம் ஒரு கணம்" [காலம் ஒன்றும் நிற்கவில்லை, பக்கத்துக் கடையில் ரொட்டி தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டேதான் இருந்தது.] பக்கத்தை மூடித் திறந்தேன். நேற்று. மறுபடி மூடித் திறந்தேன். நேற்று, காலை பதினொன்று இருபது.

4.

நான் அக்காவிடம் சொல்லாமல் மறைத்திருக்கலாம். "சரியாயிடுச்சிக்கா" என்று லேப்டாப்பைக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கலாம். மறைக்கிற சுகுமாறனை வைத்து ஒரு பக்கம் எழுதியும் பார்த்தேன். அந்த ஆள் என்னைவிடக் கெட்டிக்காரன், முகத்தில் எதையும் காட்டாமல் இருக்க அவனுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.

"என்னா தம்பி? கெட்டுப்போச்சா?"

"இல்லக்கா. பவனேஷ் கணக்க யாரோ பாவிச்சிக்கிட்டு இருக்காங்க. வேற ஒரு கம்ப்யூட்டர்ல. நேத்து கூட."

"யாரோன்னா?"

"தெரியலக்கா. அவனா இருக்கலாம். அவன் பாஸ்வேர்ட வச்சிக்கிட்டு வேற யாராவதா இருக்கலாம். சத்தியமா தெரியாதுக்கா."

அவர் கத்துவார், மயங்கி விழுவார் என்று நாற்காலியிலிருந்து பாதி எழுந்தேன். இரண்டும் நடக்கவில்லை. விரலை மடக்கி ஏதோ கணக்குப் பார்த்தார்.

"நேத்து அமாவாச தம்பி" என்றார். "நேத்துக் காலையிலதான் அவனுக்கு எல போட்டேன். காக்காய்க்கு வச்சேன். பத்தர, பதினொன்னு இருக்கும்."

நான் திரையை என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

[எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இந்தப் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. ஒரு தாய் இங்கே அழ வேண்டாமா? வாசகர் நம்புவாரா? ஆனால் அவர் அழவில்லை. நெற்றியில் அடித்துக்கொள்ளவும் இல்லை. பக்கத்தில் கிடந்த அரிசிப் பையை எடுத்து, நாலாக மடித்து, மடியில் வைத்துக்கொண்டார். நம்பாவிட்டால் போங்கள்.]

5.

முடிவுகள். ஒன்றுக்கு மூன்று இருந்தன.

ஒன்று: பவனேஷ் உயிரோடு இருக்கிறான், ஏதோ ஆன்லைன் மோசடிக் கும்பல் அடைத்து வைத்து வேலை வாங்குகிறது, இந்தத் தடயத்தைப் பிடித்துப் போலீஸ் மீட்கிறது. [நாளைக் காலையில் போலீசுக்குப் போவோம். அதில் மாற்றம் இல்லை. ஆனால் நான்கு வரியில் மீட்டுவிடுகிற போலீசை எழுத எனக்குத் துணிச்சல் இல்லை.]

இரண்டு: பூ சொன்னதுதான் சரி. அவன் கணினியையும் கணக்கையும் வேறொருவன் [இதற்கு மேல் எழுத முடியவில்லை.]

மூன்று: உயிரோடுதான் இருக்கிறான், கதவும் திறந்துதான் இருக்கிறது, ஆனாலும் வரவில்லை. இந்த முடிவை நான் யோசிக்கவில்லை. அக்காதான் கேட்டார்.

"தம்பி, அவன்ட்ட கம்ப்யூட்டர் இருந்தா பேஸ்புக்கும் பாக்கலாந்தானே?"

"பாக்கலாங்கா."

"அப்ப அந்தப் போஸ்டர பாத்திருப்பானே."

நான் மவுசைத் தள்ளி வைத்தேன்.

"மாலையெல்லாம் போட்டு, பெறந்த தேதி, செத்த தேதின்னு அவன் கடைசியா பேசுன தேதியப் போட்டு, எங்க வீடு மொத்தமும் கீழ பேரு போட்டிருக்கோம் தம்பி. எம்பேருதான் மொதல்ல. கண்ணீருடன் அம்மான்னு." மடியிலிருந்த பையை விரித்து மறுபடி மடித்தார். "நம்ம கணக்க அம்மாவே முடிச்சிட்டாங்கன்னு நெனச்சிருப்பான்லா."

இந்தக் கதையில் என்னை உலுக்கிய இடம் பட்டியல் அல்ல, இதுதான். மகன் இருக்கிறானா என்பது ஒரு பயம். இருந்து, தன் கருமாதிப் போஸ்டரைத் தானே பார்த்திருப்பானோ என்பது இன்னொன்று. அவர் அரை நிமிடத்தில் முதலாவதைத் தாண்டி இரண்டாவதற்குப் போய்விட்டார். நான் இன்னும் முதலாவதிலேயே முழித்துக்கொண்டிருந்தேன்.

6.

அடுத்த கேள்வியும் அவருடையதே. "இந்த லிஸ்ட்டு அவனுக்கும் தெரியுமா?"

தெரியும். நான் ஆக்டிவேட் பொத்தானை அழுத்தினால், கணக்கின் சொந்தக்காரனுக்குத் தானாக ஓர் அறிவிப்பு போகும்: உங்கள் கணக்கில் ஒரு கணினி சேர்ந்திருக்கிறது, நீங்கள்தானா என்று பாருங்கள். அவன் போய்ப் பார்த்தால், பட்டியலில் இந்த லேப்டாப்பின் பெயர் இருக்கும்.

"பேர மாத்தலாமா?"

மாத்தலாம். ஒரு பெட்டி வரும். ஆங்கில எழுத்து, எண், நடுவில் சிறு கோடு. இடைவெளி விடக்கூடாது. பதினைந்து எழுத்துக்கு மேல் ஏற்காது.

"அதுல நான் சொல்றத எழுதலாந்தானே?"

அப்படியே அசந்துபோனேன். பதினெட்டு வருடமாக அந்தப் பெட்டியில் வாடிக்கையாளர் பெயரைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். அது ஒரு கடிதம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. நித்தியா அவன் ஈமெயிலுக்கு அனுப்பியது எதற்கும் பதில் வந்ததில்லை. அவனை அடைத்து வைத்திருந்தால், வருகிற கடிதங்களை மற்றவர்களும் படிப்பார்கள். கணினியின் பெயரை யார் படிக்கப்போகிறார்கள்?

எழுதிப் பார்த்தோம். "அம்மா இங்கேயே இருக்கேன்" என்பதை ஆங்கில எழுத்தில், கோடு இல்லாமல் போட்டாலே பதினேழு. இரண்டு கூடுதல். "உன்னைத் தேடுறோம்" நடுக்கோட்டோடு பதினான்கு, அடங்கியது. ஆனால் அங்கே தமிழ் தெரிந்தவன் ஒருத்தன் இருந்தால் பவனேஷின் கதி என்ன? நானே அழித்தேன். "வீட்டுக்கு வா" என்று போட்டேன்.

"வர முடியாதவன வா வான்னா, அது அதட்டுற மாதிரி இருக்காதா தம்பி?"

வீட்டில் கூப்பிடும் பெயரைப் போடலாமா என்றேன்.

"போஸ்டர்லயும் அதத்தான் போட்டாங்க."

"நீங்க என்ன சொல்ல நெனக்கிறீங்கக்கா? மொதல்ல முழுசா சொல்லுங்க, நான் சுருக்குறேன்."

அவர் சொன்னார்: "நீ செத்துட்டேன்னு சொன்னாங்கப்பா. நான் நம்பிட்டேன். நம்பியிருக்கக் கூடாது. தப்பு எம்மேலதான். போட்டோவுலேந்து மாலைய இன்னிக்கே கழட்டிடுறேன்."

எண்ணிப் பார்த்தேன். நூறைத் தாண்டியது.

"நீங்க கத எழுதுறவருன்னு நித்தியா சொன்னா தம்பி. அதான் ஒங்ககிட்டயே குடுன்னா. நீங்க எழுதுங்க. நான் ஒக்காந்திருக்கேன்."

7.

ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். மேலே எல்லாவற்றையும் எப்போதோ நடந்து முடிந்ததுபோல எழுதிவிட்டேன். முடியவில்லை. இப்போது மணி நாலே முக்கால். புனிதவதி அக்கா எனக்கு எதிரில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பவனேஷின் லேப்டாப் எங்களுக்கு நடுவில் திறந்து கிடக்கிறது. நான் கடைக் கணினியில் தட்டிக்கொண்டே இருக்கிறேன். அந்தப் பதினைந்து எழுத்தைத்தான் இத்தனை நேரமாக எழுதி எழுதிப் பார்க்கிறேன் என்று அவர் நம்புகிறார். சத்தம் செய்யக் கூடாதென்று ஹேண்ட்போன் மணியைக்கூட அடக்கி வைத்திருக்கிறார்.

வெட்கமாக இருக்கிறது. அவர் கேட்டது பதினைந்து எழுத்து. அது வராததால்தான், எனக்கு வரக்கூடிய இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள். அதனால் உங்களிடம் கேட்கிறேன். அவனைத் தவிர யார் பார்த்தாலும் அது வெறும் கணினியின் பெயராக இருக்க வேண்டும். அவன் பார்த்தால், அம்மா தவறாக நம்பிவிட்டாள், இப்போது நம்பவில்லை என்று தெரிய வேண்டும். அவன் இல்லாமலே போயிருந்தால், அதை வேறு யாரோ படித்து அந்த அம்மாவைக் கேலி செய்ய இடம் இருக்கக் கூடாது. இந்த மூன்றும் அடங்கும் பதினைந்து எழுத்து உங்களிடம் இருக்கிறதா?

"ஆச்சா தம்பி?" என்கிறார்.

ஆச்சுக்கா என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

நாற்காலியை இழுத்துக்கொண்டு என் பக்கம் வருகிறார். அவருக்கு ஆங்கில எழுத்துப் படிக்கத் தெரியாது. நான் என்ன தட்டினாலும், "என்னா போட்டீங்க, படிங்க" என்றுதான் கேட்பார். அப்போது அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே படித்துக்காட்ட வேண்டும். சீக்கிரம் சொல்லுங்கள்.