மூணாவது வார்த்தைக்கு அப்புறம்

குடை, முயல், ஏணி, தேன், வாசல். மறதி பத்தின ஆராய்ச்சி மையத்துல பதினோரு வருஷமா இந்த அஞ்சு வார்த்தையைத்தான் வர்றவங்ககிட்ட சொல்றேன். சொல்லிட்டு, அஞ்சு நிமிஷம் வேற பேச்சு பேசிட்டு, "என்னென்ன சொன்னேன்?"னு கேப்பேன். எல்லாருக்கும் ஒரே மாதிரி சொல்லணும்னு விதி. அதனால தினமும் காலையில தலை வாரிக்கிட்டே சொல்லிப் பழகுவேன். எனக்கு இழுப்பு உண்டு, மூணாவது வார்த்தைக்கு அப்புறம் ஒரு மூச்சு வாங்கிக்குவேன்.

எங்க வீட்டுக்காரர் தையல்காரர். போன மாசம் ஒரு சட்டைக்கு ரெண்டு கையையும் இடது கையாவே வெட்டி வெச்சிருந்தார். விழுந்து விழுந்து சிரிச்சேன். அடுத்த வாரம் இன்னொரு சட்டைக்கும் அதே கதை. இந்தத் தடவை சிரிக்கல, மறதியா இருக்குமோன்னு பயந்தேன்.

எங்க மையத்துல புது மருந்து ஒண்ணைச் சோதிக்கிறாங்க. அது மறதியைக் குணமாக்காது, கொஞ்சம் மெதுவாக்கலாம். அதுவும் ஆரம்பத்துலயே பிடிச்சாத்தான். ஆள் சேக்க அந்த வாரம் வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். வார்த்தைச் சோதனையில மறதி தெரிஞ்சாத்தான் அடுத்து ரத்தப் பரிசோதனைக்கே அனுப்புவாங்க.

"எனக்கு ஒண்ணும் இல்ல, உனக்குத்தான் வேற வேலை இல்ல"ன்னு மனுஷன் ஒரே பிடியா நின்னார். வெள்ளிக்கிழமை காலையில மையத்துக்கு இழுத்துக்கிட்டு வந்தேன். சொந்தக்காரங்களை நானே சோதிக்கக் கூடாது, அதனால கூட வேலை பாக்குற பொண்ணுதான் உள்ளே கூட்டிட்டுப் போனா.

வெளியே வந்ததும் அவ முகமெல்லாம் சிரிப்பு. "அக்கா, அஞ்சுக்கு அஞ்சு!"

அவர் சட்டைக் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டார். "கேட்டியா? குடை, முயல், ஏணி..." சின்னதா ஒரு மூச்சு வாங்கினார். "தேன், வாசல்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அது என் மூச்சு. அவருக்கு இழுப்பே கிடையாது. பதினோரு வருஷமா என் முணுமுணுப்பைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆகியிருக்கு. படுபாவி நான், விடையை வீட்டுலயே ஊட்டி வளத்திருக்கேன்.

ஒரு நிமிஷம் வாயை மூடிக்கிட்டு இருக்கலாமான்னு தோணுச்சு. அவ்வளவு சந்தோஷம் அவர் முகத்துல. அப்புறம் நேரா டாக்டர் அறைக்குப் போய் எல்லாத்தையும் கொட்டிட்டேன். "வேற வார்த்தை குடுத்துப் பாருங்க டாக்டர். இன்னைக்கே."

பின்னாலேயே வந்த இவருக்கு வந்ததே கோவம்! "நான் பாஸானது உனக்குப் பொறுக்கலையா?"

"ஆமா, பொறுக்கல. உள்ளே போங்க."

கதவுக் கண்ணாடி வழியாப் பாத்தேன், உள்ளே பேசறதும் கேட்டுச்சு. செருப்பு, ஆறு, நாற்காலி, பூண்டு, மணி. அஞ்சு நிமிஷம் ஆச்சு. அந்தப் பொண்ணு கேட்டா. இவர் "குடை"ன்னு ஆரம்பிச்சார். அவ இல்லைன்னு தலையாட்டினா. சுவரைப் பாத்தார், தன் விரல்களைப் பாத்தார். அப்புறம் ஒரு வார்த்தையும் வரல.

டாக்டர் சாயங்காலத்துக்குள்ள ரத்தம் எடுக்கச் சொல்லி எழுதிக் குடுத்தார். என்னைப் பாத்து, "இனிமே வீட்டுல எந்த வார்த்தையும் சொல்லிப் பழகாதீங்கம்மா"ன்னார்.

ரத்தம் எடுக்கிற இடத்துல பெஞ்சுல பக்கத்துல பக்கத்துல உக்காந்திருந்தோம். கோவமெல்லாம் எங்கேயோ போயிருந்துச்சு. "ரொம்ப மோசமா செஞ்சேனா?"ன்னு கேட்டார்.

"ஒண்ணுகூட வரலங்க."

தலையை ஆட்டிக்கிட்டார். "அந்தப் பொண்ணு சொன்னது நிக்க மாட்டேங்குது. நீ சொன்னது அஞ்சும் அப்படியே இருக்கு. சொல்லவா?"ன்னார்.

"சொல்லுங்க"ன்னேன்.

சொன்னார். மூணாவது வார்த்தைக்கு அப்புறம் எனக்காக மூச்சு வாங்கினார். நான் அவர் தோள்ல சாஞ்சு, யார் பாத்தா என்னன்னு, தேம்பித் தேம்பி அழுதேன்.