ஒன்பது கல் குறைச்சல்

மேஸ்திரிக்குத் தலை கிறுகிறுத்தது. நூலகச் சுவரில் ஒரு பெண்ணின் முகத்தைச் சின்னச் சின்னக் கற்களால் ஒட்ட வேண்டும். ஒவ்வொரு கல்லின் பின்னாலும் எண் உண்டு. மேலிருந்து வரிசை வரிசையாக அடுக்கினால் முகம் வந்துவிடும். ஒரு வரிசைக்கு எத்தனை கல் என்று சொல்லும் தாள்தான் மழையில் ஊறிக் கூழாகிவிட்டது. படம் செய்தவரோ போனை எடுப்பதாக இல்லை.

கடைசிக் கல்லின் எண் 9,991. எதில் வகுத்தால் மீதியில்லாமல் போகும்? போனில் இரண்டு, மூன்று, நான்கு என்று தட்டிக்கொண்டே போனார். எண்பத்தொன்பது வரைக்கும் அது மசியவில்லை. சலித்துப்போய் விட்டுவிட்டார்.

"நூறுக்கு நூறுதான்டா கணக்கு. பத்தாயிரம். ஒம்போது கல்லு எங்க மாப்ள?"

பெட்டிகளை ஏற்றி இறக்கியது மைத்துனன் ஒருத்தன்தான். அவன் திருதிருவென்று விழித்தான்.

"நான் எதுக்கு மாமா எடுக்கப்போறேன்? அதை வச்சு என்ன பண்ண?"

"வேற யாரு எடுத்தா? காக்கா தூக்கிட்டுப் போச்சா?"

அவன் கரணையைக் கீழே வைத்துவிட்டுப் போயே போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் மனைவி போனில் பொரிந்தாள். "என் தம்பி துணியெல்லாம் மூட்டை கட்டுறான். இனிமே இந்த வீட்டு வாசல மிதிக்க மாட்டானாம். என்ன சொல்லித் தொலைச்சீங்க?"

மேஸ்திரி மழுப்பிவிட்டு, தரையில் நூறு நூறாக அடுக்கினார். முகம் வரவில்லை. நேராக இறங்க வேண்டிய வகிடு, வரிசைக்கு மூன்று கல் வலப்பக்கம் நழுவி, காதைப் பார்த்து ஓடியது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். இது என்ன கூத்து? திரும்ப எண்ணினார். ஒவ்வொரு வரிசையிலும் அதே மூன்று, பிசகாமல் மூன்று.

அப்படியென்றால் வரிசைக்கு மூன்று கல் போதவில்லையோ? நூற்று மூன்றில் வகுத்தார். தொண்ணூற்றேழு. மீதி ஒன்றுமில்லை.

தொண்ணூற்றேழு! இன்னும் எட்டே எட்டு எண் தட்டியிருந்தால் அகப்பட்டிருக்கும். அவமானத்தில் முகம் சுட்டது. ஒரு கல்கூடக் குறையவில்லை, குறைந்தது தன் பொறுமைதான். மைத்துனனுக்குப் போன் போட்டார்.

"மாப்ள, எல்லாக் கல்லும் இருக்கு. தொண்ணூத்தேழுல வகுபடுதுடா. மாமா அவசரப்பட்டுட்டேன், மன்னிச்சுக்கோ. வீட்டுலயே இருடா."

அந்தப் பக்கம் பேருந்தின் இரைச்சல் கேட்டது. பிறகு மைத்துனன் நிதானமாகக் கேட்டான்.

"வகுபட்டதால நான் நல்லவன் ஆயிட்டேன். சரி மாமா. அது எதுலயுமே வகுபடாத நம்பரா இருந்திருந்தா?"