பாதி அட்டை மாத்திரை

1

இப்படி அருகில் வந்து உட்காருங்கள். கால் நீட்ட வேண்டுமென்றால் நீட்டிக்கொள்ளுங்கள், கதைக்கு ஒன்றும் வலிக்காது. இன்றைக்கு உங்களுக்கு ஒரு கடைவாய்ப் பல்லின் கதை சொல்கிறேன்.

முதலில் இது எனக்குக் கிடைத்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். புதுப் பல் கட்டிக்கொள்ளப் பல் மருத்துவக் கல்லூரிக்குப் போயிருந்தேன். அளவெடுப்பதற்காகக் குழைத்த மாவு போன்ற ஒன்றை வாய் நிறைய அப்பிவிட்டு, "இறுகுற வரைக்கும் பேசாம இருங்கம்மா" என்றார்கள். வாயை வைத்தே காலம் தள்ளியவளுக்கு அது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் வாய் அடைந்தால் காது விரியும்.

பக்கத்து நாற்காலியில் கன்னம் வீங்கிய ஒரு பெண். அவளருகே எஃகுத் தட்டை ஏந்தியபடி வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு மாணவி. எதிரில் பேராசிரியர். "இதுக்கு முன்னால ஏதாவது மாத்திரை சாப்பிட்டீங்களா?" என்று அவர் கேட்டார். "மாத்திரையா? நானா? தொட்டதே இல்லைங்க" என்றாள் அந்தப் பெண். அப்போது மாணவியின் கையிலிருந்த தட்டு கடகடவென்று நடுங்கியது. யாரோ திரையை இழுத்துவிட்டார்கள். என் வாயிலிருந்த மாவும் இறுகிவிட்டது.

நான் கண்டதும் கேட்டதும் இவ்வளவுதான். மீதி நானே நெய்தது. நெய்யும்போது அறுந்த நூல்களையும் மறைக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன்.*

(* மருந்து விஷயங்களை மட்டும் நெய்யவில்லை. எனக்குப் பல் கட்டிய பிள்ளையிடம், போகும்போதெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். "நீங்க பரீட்சை எழுதப் போறீங்களாம்மா?" என்று அவன் சிரித்தான்.)

2

முதல் வரி எளிதில் அமையவில்லை.

"ஒரு ஊரில் ஒரு பல் இருந்தது." வேண்டாம். பல் தனியாக இருந்தால் யாருக்கு வலிக்கும்?

"வலி என்பது உடல் நமக்குச் சொல்லி அனுப்பும் —" இதுவும் வேண்டாம். பல்வலி சொல்லி அனுப்பாது. நேரே வந்து கதவை உதைக்கும்.

"அவளை எல்லோரும் 'எதுக்கும்' என்று கூப்பிட்டார்கள்." இது இருக்கட்டும். இதிலிருந்து போவோம்.

கடைசி ஆண்டு மாணவி அவள். வெயில் கொளுத்தும்போதும் பையில் குடை வைத்திருப்பாள். கேட்டால் "எதுக்கும் இருக்கட்டும்" என்பாள். மற்றவர்கள் அதில் பாதியை வெட்டி அவளுக்கே பெயராக வைத்துவிட்டார்கள். குடையோடு நின்றிருந்தால் கதையே இல்லை. நோயாளிக்கு மருந்து எழுதும்போதும் அவளுக்கு அதே பழக்கம்.

ஒருநாள், குளிர்ந்த தண்ணீர் பட்டால் பல் கூசித் தெறிக்கிறது என்று ஒருவர் வந்தார். காய்ச்சல் இல்லை, வீக்கம் இல்லை. அவள் கிருமிக்கொல்லி மாத்திரை எழுதிக்கொண்டுபோய்ப் பேராசிரியரிடம் நீட்டினாள். அவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'ஏன் மேடம்'.

"ஏன்?" என்றார்.

"எதுக்கும் இருக்கட்டும்னு, மேடம்."

"எதுக்கும்னா எந்தக் கிருமிக்கு?"

பின்னால் சிரிப்பு கேட்டது. அவர் சிரிக்கவில்லை. "மாத்திரை வயித்துல இறங்கி, ரத்தத்துல ஏறித்தான் போற இடத்துக்குப் போகும். பல்லுக்குள்ள இருக்கற நரம்பும் ரத்தக்குழாயும் செத்துப்போச்சுன்னா அங்க ரத்தமே போகாது. ரோடு இல்லாத வீட்டுக்குத் தபால்காரர் எப்படிம்மா போவார்?"

"சைக்கிளை நிறுத்திட்டு நடந்து போவார், மேடம்" என்றது பின்வரிசைக் குரல்.

"நடக்கவும் வழியில்லப்பா. நாமதான் கதவைத் திறந்து குப்பையை வாரணும். கன்னம் வீங்கி, காய்ச்சல் வந்து, வாய் திறக்க முடியலைன்னா அது வேற. அப்ப மருந்து கொடுக்காம விட்டாத்தான் தப்பு. ஆனா அப்பவும் குப்பையை வாரியே ஆகணும்."

3

இப்போது அத்தை வருகிறாள். அவள் இல்லாமல் எனக்குக் கதை நகரவில்லை.

எதுக்கும் என்ற அந்தப் பெண்ணைக் கைக்குழந்தையிலிருந்து வளர்த்தவள் அப்பாவின் தங்கையான இந்த அத்தைதான். தையல் கடையில் துணி வெட்டுகிற வேலை. பத்து மடிப்புத் துணியை ஒரே மூச்சில் வெட்டுகிற கைக்காரி. ஆனால் பல்லைக் குடைகிற கருவியின் சத்தம் கேட்டால் நடுங்கிப்போவாள். கடைவாய்ப் பல் வலித்தபோதும் கல்லூரிக்கு வர மறுத்துவிட்டாள்.

"துணியில ஓட்டை விழுந்தா ஒட்டுப் போடலாம். பல்லுல நீங்களே ஓட்டை போட்டா யாருடி ஒட்டுப் போடறது?"

"அதையும் நாங்களேதான் அடைப்போம் அத்தை."

"நீயே கிள்ளிவிட்டு நீயே தொட்டிலை ஆட்டுவியாக்கும். ஒரு மாத்திரை வாங்கிக் கொடு போதும். வீட்டுல டாக்டர் இருந்தும் நான் போய் அந்த நாற்காலியில படுக்கணுமா?"

படித்தது பாடத்தோடு, அத்தை என்றால் வேறு. வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் மருந்துக் கடையில் சீட்டுக் கேட்கவில்லை. கிருமிக்கொல்லி மாத்திரை ஓர் அட்டை வாங்கிவந்து அத்தையிடம் கொடுத்தாள். வலி அடங்கியது.

(உண்மையில் பல்லுக்குள் நரம்பு சாகும்போது வலி தானே அடங்கும். புகழ் மட்டும் மாத்திரைக்குப் போகும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.)

"விருந்தும் மருந்தும் மூணு நாள்" என்று சொல்லி அத்தை நிறுத்திக்கொண்டாள். மிச்சமிருந்த பாதி அட்டை பொத்தான் டப்பாவுக்குள் போயிற்று. பழமொழி விருந்தாளியைக் கிளப்புவதற்காகச் சொன்னது. கிருமிக்கு அதைக் கேட்டுக்கொண்டு கிளம்பத் தெரியுமா?

மறுபடி வலித்தபோது அத்தை டப்பாவைத் திறந்து மிச்ச மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். இந்த முறை கையிலும் கழுத்திலும் முதுகிலும் சிவந்த தடிப்புகள் எழும்பின. "புதுத் துணிச் சாயம் ஒத்துக்கலை போல" என்றாள். எதுக்கும் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, "எதுக்கும் இதைப் போட்டுக்கோ" என்று அரிப்புக்கு ஒரு மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

நான் அவளைத் திட்டமாட்டேன். வீட்டு ஆட்களை நோயாளிகளாகப் பார்க்கும் கண் யாருக்கும் சீக்கிரம் திறப்பதில்லை.

4

இந்த இடத்தில் பேராசிரியரைப் பற்றி ஒரு சந்தேகம் வந்து கதை படுத்துவிட்டது. முதலில் அவரைக் கடுகடுப்பாகத்தான் எழுதியிருந்தேன். "கண்ணாடிக்கு மேலாக அவர் பார்த்த பார்வையில் சுவர்க் கடிகாரமும் —" என்று ஒரு வரிகூட இருந்தது. அடித்துவிட்டேன்.

அவர் கொடுமைக்காரராக இருந்தால், அந்த மாணவி பயந்து வாயை மூடிக்கொள்வதில் என்ன அதிசயம்? நீங்களும் சட்டென்று மன்னித்துவிடுவீர்கள். ஆகவே அவரை நியாயமான மனுஷியாக மாற்றினேன். சொன்னால் கேட்பார். ஆனால் விதியைத் தளர்த்தமாட்டார். பட்டம் வாங்குமுன் விடுதியில் தோழிகளுக்கு மருந்து கொடுத்த ஒருத்தியை, போன ஆண்டு கடைசிப் பரீட்சை எழுதவிடவில்லை. அந்தச் செய்தியை எதுக்கும் சாப்பாட்டு வேளையில் அத்தையிடம் சொல்லியிருந்தாள்.

சொன்னவள் மறந்துவிட்டாள். கேட்டவள் மறக்கவில்லை.

5

இனி நான் பார்த்த நாற்காலிக்கு வருவோம்.

அத்தையின் கன்னம் வீங்கி, தாடைக்குக் கீழும் இறங்கியிருந்தது. வாய் ஒரு விரல் அளவுக்குமேல் திறக்கவில்லை. உடம்பு கொதித்தது. பேராசிரியர் தாடையைத் தொட்டுப் பார்த்தார்.

"இதுக்கு இப்ப மருந்து வேணும்தான். ஊசியாவே போட்டுடலாம். அப்புறம் சீழை எடுத்துடுவோம். கையோட பல்லுக்கும் வழி பண்ணிடுவோம். இதுக்கு முன்னால ஏதாவது மாத்திரை சாப்பிட்டீங்களா?"

"மாத்திரையா? நானா? தொட்டதே இல்லைங்க."

"எந்த மருந்தாவது போட்டு உடம்புல தடிப்பு, அரிப்பு?"

"அதெல்லாம் எங்க வம்சத்துலயே கிடையாதுங்க."

வீங்கிய வாயால் இவ்வளவு தெளிவாகப் பொய் சொல்ல அன்புக்கு மட்டும்தான் முடியும். அத்தையின் கை நாற்காலிக்குப் பக்கவாட்டில் இறங்கி, அண்ணன் மகளின் கோட்டு நுனியைப் பற்றியது. கத்தரிக்கோல் பிடித்துக் காய்த்த விரல்கள். பேசாதே என்று அந்தப் பிடி சொன்னது.

தட்டில் ஊசி தயாராக இருந்தது. மருந்துக் குப்பியின் மேலிருந்த பெயரை எதுக்கும் படித்தாள். பொத்தான் டப்பாவிலிருந்த அட்டையின் குடும்பம்தான். அண்ணன் தம்பி மருந்துகள்.

முதுகு, என்று நினைத்தாள். வெட்டுகிற துணி கையில் படும். முதுகில் எப்படிப் படும்? அந்தத் தடிப்பு சாயத்தால் வந்ததில்லை, மாத்திரையால் வந்தது.

அப்போதுதான் தட்டு கடகடத்தது.

6

இதற்குமேல் மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில் அவள் வாய் திறக்கவில்லை. ஊசி போட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. அப்படியும் நடக்கலாம், ஒருமுறை தடித்தவர்களுக்கெல்லாம் மறுமுறையும் தடிக்கும் என்று இல்லை. சீழ் வடிந்தது, அத்தை எழுந்து உட்கார்ந்தாள், பெண் பரீட்சை எழுதி டாக்டர் ஆனாள். படிப்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எழுதிய நானே அதைக் கிழித்துப் போட்டேன். தப்பு செய்து தப்பித்தவள் அதற்குப் பிறகு எத்தனை பேரிடம் கேட்காமலே விடுவாள்?

இரண்டாவது: "ஊசி போட்டுச் சற்று நேரத்தில் அத்தையின் உதடு தடிக்கத் தொடங்கி, மூச்சு —" அங்கேயே பேனாவை வைத்துவிட்டேன். அதுவும் நடக்கக்கூடியதுதான். ஆனால் நாலு பேருக்குப் பாடம் சொல்வதற்காக ஓர் அத்தையின் கழுத்தைப் பிடிக்க எனக்குக் கை வரவில்லை.

மூன்றாவதில் அவள் தட்டை மேசைமேல் வைத்தாள்.

"மேடம், அந்த ஊசி வேண்டாம்."

பேராசிரியர் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. வழக்கமாகக் கேட்பதைத்தான் கேட்டார்.

"ஏன்?"

"இவ ஒருத்தி, எதையாவது உளறுவா" என்றாள் அத்தை. கோட்டைப் பிடித்த பிடி இறுகியது.

இத்தனை காலம் அந்தக் கேள்விக்கு எதுக்கும் இருக்கட்டும் என்பதைத் தவிர வேறு பதில் அவளிடம் இருந்ததில்லை. இன்றைக்கு இருந்தது. அதைச் சொன்னால் பரீட்சை போகலாம். அவளைப் படிக்கவைக்க அத்தை இத்தனை ஆண்டுகள் துணி வெட்டியதும் அதோடு போகலாம். அவள் குனிந்து, கோட்டைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்து, அந்தக் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். வாய் திறந்தாள்.

திரையை இழுத்துவிட்டார்கள்.

7

அப்புறம் என்ன ஆயிற்று என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கும் தெரியாது. நான் கொப்பளித்துவிட்டு எழுந்து வந்தபோது அந்த நாற்காலி காலியாக இருந்தது. தட்டைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள்.

ஆனால் உங்கள் வீட்டு அலமாரியிலோ, கைப்பையின் உள்ளறையிலோ, எங்கோ ஒரு பாதி அட்டை இருக்கிறது. இல்லை என்று சொல்லாதீர்கள். என்றைக்காவது ஒருநாள் நீங்களும் அந்த நாற்காலியில் சாய்ந்திருப்பீர்கள். கையில் ஊசியோடு ஒருவர், "முன்னால என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்பார். அப்போது நீங்கள் சொல்லும் பதில்தான் இந்தக் கதையின் கடைசி வரி. அதற்காகத்தான் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

நேரமாகிவிட்டது, எழுந்திருங்கள். உங்கள் வீட்டில் சிரிக்கிற வாய்கள் எல்லாம் நிறைபல்லாய் இருக்கட்டும். வலி வந்தால் மறைக்காமல் சொல்ல ஒரு நாக்கும், கடிந்துகொள்ளாமல் கேட்க ஒரு காதும், உங்கள் கூரைக்குக் கீழே என்றைக்கும் குறைவில்லாமல் இருக்கட்டும். நல்லபடியாகப் போய் வாருங்கள், கண்ணுகளா.