பூநகரியில் நின்ற படகு

லவீனாவின் வீட்டில் இரண்டு கட்சிகள் இருந்தன. கணவன் சுபாஸ் அன்ட்ரொயிட் ஃபோன்காரன். தம்பி றெஜி ஐபோன்காரன். குருநகரில் பிறந்த அக்காவும் தம்பியும் இப்போது பருத்தித்துறையில். அவள் கலியாணம் கட்டி வந்தாள், அவன் அவளுக்குப் பின்னால் கடல் தொழிலுக்கு வந்தான். சுபாசுக்கு ஒரு படகு, றெஜிக்கு ஒரு படகு. கரையில் ஒரே பானையில் சாப்பிடுவார்கள்.

மகள் தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கிய நாளில் றெஜிதான் படம் எடுத்தான். பிரான்சிலிருந்து ஒன்றுவிட்ட அண்ணன் கிறிஸ்ரோபர் கொண்டுவந்து கொடுத்த ஃபோன். படங்கள் கண்ணாடி மாதிரி இருந்தன. சுபாஸ் அவற்றை புளூடூத்தில் வாங்கப் பார்த்தான். அரைமணி நேரம் இரண்டு ஃபோனையும் முகத்துக்கு முகம் வைத்துக்கொண்டு இருந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

"உன்ரை ஃபோன் கன்னியர் மடம் மாதிரியடா. உள்ளுக்குப் போனது வெளியிலை வராது" என்றான் சுபாஸ்.

"உங்கடை ஃபோன் சந்தை அத்தான். ஆரும் வரலாம், ஆரும் போகலாம்."

சிரித்துக்கொண்டு தொடங்கியது சிரிப்பில் முடியவில்லை. கடலில் நிற்கும் இடத்தைக் காட்டுகிற ஒரு செயலியை அந்தக் கரையில் அநேகம் பேர் பாவித்தார்கள். அதை உன்ரை ஃபோனிலும் போடு என்று சுபாஸ் சொன்னபோது, "என்ரை ஃபோனிலை திசைகாட்டி அதோடையே வந்தது. எனக்கு ஒருத்தரின்ரை செயலியும் வேண்டாம்" என்று றெஜி எழும்பிப் போய்விட்டான். லவீனா இரண்டு பக்கமும் சேரவில்லை. அவள் கணித ரீச்சர். அவளிடம் இருந்தது திரை வெடித்த பழைய ஃபோன் ஒன்று. அதைப் பற்றி எவரும் சண்டை பிடிக்கவில்லை.

ஆனி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், காலை எட்டரை மணிக்கு, அந்த ஃபோன்தான் அடித்தது.

"அக்கா, எஞ்சின் நிண்டிட்டுது." றெஜியின் குரல் தகரத்துக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. "சோளகக் காத்து இழுத்துக்கொண்டு போகுது. நங்கூரம் பிடிக்குதில்லை. அத்தானிட்டைச் சொல்லுங்கோ."

"கஜீவன் உன்னோடையோ?" றெஜியின் படகில் கூடப் போகிறவன் அவன்.

"ஓம். அவன் ஃபோனை வீட்டை விட்டிட்டு வந்திட்டான். என்ரையிலை நாலு வீதம்தான் சார்ஜ் இருக்கு. இடத்தை வட்சப்பிலை அனுப்பப் பாத்தனான், போகுதில்லை. திசைகாட்டியிலை இடத்தின்ரை இலக்கம் இருக்கு, சொல்லுறன், எழுதுங்கோ. ஒன்பது, ஐம்பத்து நாலு, முப்பத்தாறு. மற்றது எண்பது, இருபத்தொண்டு, பதினெட்டு."

சுவரில் தொங்கிய கலண்டரில் அவள் எழுதினாள். திருப்பிச் சொல்லச் சொன்னபோது தொடர்பு அறுந்துவிட்டது. மறுபடி எடுத்தாள். ஃபோன் அணைக்கப்பட்டுள்ளது என்று மூன்று மொழிகளில் ஒரு பெண் சொன்னாள்.

சுபாஸ் முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். கலண்டரைப் பார்த்துத் தன் ஃபோனில் இலக்கங்களைத் தட்டினான்: 9.5436, 80.2118. வரைபடம் சுழன்று நின்றது. தெற்கே, பூநகரிக்கு மேலே, ஆழமில்லாத பரவைக்கடல் ஓரத்துச் சேற்றில் சிவப்புப் புள்ளி விழுந்தது.

"பார்! உவன்ரை ஐபோன் உவனைப் பூநகரியிலை கொண்டுபோய் விட்டிருக்கு!"

அவன் கத்தியது கோபத்தில் இல்லை என்பது லவீனாவுக்குத் தெரிந்தது. மீண்டும் தட்டினான். மீண்டும் பூநகரி. மீனவர் சங்கத் தலைவர் கனகரத்தினத்துக்கு அழைத்தான். அவர் நேவிக்குச் சொல்கிறேன் என்றார், ஆனால் எந்த இடம் என்று கேட்டார். "எண்டாலும் வெளிக்கிடுறன்" என்று எண்ணெய்க் கானை எடுத்தான்.

"பொறுங்கோ."

"என்னத்தைப் பொறுக்கிறது? காத்து வெளியாலை தள்ளுது. ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு கட்டை தூரமாவது போவான்."

"ரெண்டு நிமிசம். உங்கடை ஃபோனைத் தாங்கோ."

அவள் சுபாஸ் நிற்கும் இடத்தைத் தட்டிப் பார்த்தாள். 9.83 என்று தொடங்கி, ஒரு புள்ளிக்குப் பின்னால் ஆறு இலக்கங்கள். றெஜி சொன்னது அப்படி இல்லை. ஒவ்வொன்றையும் மூன்று துண்டாகச் சொன்னான். துண்டுக்குத் துண்டு மூச்சு விட்டான். மூன்று துண்டு ஏன்? எட்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பாகைமானியை வைத்துப் படிப்பித்தது ஞாபகம் வந்தது. பாகைக்குள் அறுபது நிமிடம், நிமிடத்துக்குள் அறுபது விநாடி; மணிக்கூடு மாதிரித்தான். தம்பியின் ஃபோன் அறுபதால் எண்ணியது. கணவனின் ஃபோன் பத்தால் எண்ணியது. இரண்டும் பொய் சொல்லவில்லை.

கலண்டரின் ஓரத்தில் கணக்குப் போட்டாள். முப்பத்தாறை அறுபதால் பிரித்தால் புள்ளி ஆறு. ஐம்பத்து நாலு புள்ளி ஆறை அறுபதால் பிரித்தால் புள்ளி ஒன்பது ஒன்று. மற்றதையும் அப்படியே. சோதனை மண்டபத்தில் கூட அவள் இவ்வளவு மெதுவாகக் கணக்குச் செய்ததில்லை. கணக்குப் பிழையாகிப் போனால் இரண்டு உயிர்.

9.91, 80.355.

சிவப்புப் புள்ளி தரையை விட்டுக் கிளம்பி, பருத்தித்துறைக்கு வடகிழக்கே நீலத்தில் போய் நின்றது.

சுபாஸ் திரையைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். "அவன் வலை போடுற பக்கம்தான்" என்றான். "ஆனா இப்ப அதிலை நிக்கமாட்டான். இன்னும் வடகிழக்காலை போயிருப்பான்." புள்ளிக்கு அப்பால் விரலை இழுத்து ஒரு இடத்தில் வைத்தான். அந்தக் கணக்கு அவனுடையது. அதில் அவள் தலையிடவில்லை. தலைவருக்கு அவள் இலக்கத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன் பக்கத்து வீட்டுக் கீர்த்திகனைக் கூட்டிக்கொண்டு கரைக்கு ஓடினான்.

அதற்குப் பிறகு செய்ய ஒன்றும் இருக்கவில்லை. கஜீவனின் மனைவி கோபிகா வந்து வாசலில் இருந்தாள். லவீனா அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். போட்ட கணக்கை ஐந்து தடவை சரிபார்த்தாள். ஐந்து தடவையும் சரியாகவே வந்தது. ஒரு தடவையும் அவளுக்கு நிம்மதி வரவில்லை.

பத்தரை தாண்டி சுபாசின் இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. இரைச்சலுக்குள் ஒரு சொல்தான் கேட்டது. "ஆம்பிட்டாங்கள்." இருவரையும் கண்டுபிடித்துவிட்டான்.

ஒன்றரை மணிக்குப் படகைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். றெஜியின் உதடு உப்பில் வெடித்திருந்தது. கஜீவன் மணலில் இறங்கியதும் நேரே கோபிகாவிடம் போனான். சாப்பிடும்போது சுபாஸ் தன் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்த பெரிய மீன் துண்டைத் தூக்கி றெஜியின் சோற்றில் வைத்தான். றெஜி அதைச் சாப்பிட்டான்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து, லவீனா ஒரு அப்பியாசக் கொப்பியை எடுத்தாள். இரண்டு பேருடைய ஃபோனிலும் குறித்துவைத்துள்ள கடல் இடங்களை இரண்டு வகையிலும் எழுதிவைக்கப் போகிறேன், மேசையிலை ஃபோனை வையுங்கோ என்றாள். இருவரும் தயங்கினார்கள். அவை நல்ல மீன் படுகிற இடங்கள். ஒருவன் மற்றவனுக்குக் காட்டியதில்லை. அவள் கையை நீட்டியபடியே நின்றாள். கடைசியில் வைத்தார்கள்.

மத்தியானம் வரை எழுதினாள். பிறகு பேனையை மூடிவிட்டு, "பதினொரு இடத்திலை ஏழு இடம் ரெண்டு பேருக்கும் ஒண்டுதான்" என்றாள்.

"அத்தான் என்ரை பின்னாலை வந்திருக்கிறார்" என்றான் றெஜி.

"ஆர், நானோ? நீ மூண்டு வருசத்துக்கு முந்தித்தான் இந்தக் கடலைக் கண்டவன்!"

லவீனா கொப்பியை அலுமாரியில் வைத்துவிட்டுக் கறியை இறக்கப் போனாள். பின்னால் சத்தம் ஏறிக்கொண்டிருந்தது.