உதட்டில் குண்டூசி

இறந்து கிடந்த அப்பாவின் சட்டைக்குக் கடைசிப் பொத்தானை மாட்டிக்கொண்டிருந்த மகளின் கையை அத்தை பிடித்துக்கொண்டாள்.

“காலேஜ் வண்டி வர இன்னும் அரை மணி நேரம் இருக்கு. ஒரே ஒரு பிரார்த்தனை படிச்சுடலாம். அவன் காதுல விழவா போகுது?”

“விழாதுன்னுதான் அத்தை அவரும் சொன்னார். அப்புறம் யாருக்காகப் படிக்கணும்?”

“எனக்காக.”

அப்பா லிஃப்ட் மெக்கானிக். மேலே போவதும் கீழே வருவதும் மோட்டார் வேலை, அதைத் தாண்டி ஒன்றும் கிடையாது என்று பார்ப்பவர்களிடமெல்லாம் வம்புக்குப் போன மனுஷன். உடம்பை மருத்துவக் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, யாரும் தனக்காக எதையும் படிக்கக் கூடாது என்று மகளிடம் சொல்லி வைத்திருந்தார். சத்தியத்தில் நம்பிக்கை இல்லாததால் கைகுலுக்கி வாக்கு வாங்கினார். ஆனாலும் அத்தை கூடப்பிறந்தவள். அவளுக்கு இருந்தது ஒரே தம்பி. ‘சரி’ என்ற சொல் மகளின் தொண்டைவரை வந்துவிட்டது.

அப்போதுதான் கீழ்த்தளத்துத் தையல்காரர் உள்ளே வந்தார். கடையிலிருந்து அப்படியே ஓடி வந்திருக்க வேண்டும். காதில் பென்சில், காலரில் வரிசையாகக் குண்டூசிகள். கும்பிடாமல் துணியில் கத்தரி வைக்க மாட்டார். இருபத்தைந்து வருஷமாக இந்த அறையில்தான் தினமும் சாயங்காலம் இருவருக்கும் சண்டை.

“கடவுளைக் கேட்டுத்தானே வெட்டின? அப்புறம் ஏன் பேன்ட்டுல ஒரு கால் மட்டும் குட்டையா இருக்கு?” என்பார் அப்பா.

“லிஃப்ட் நடுவுல நின்னா உள்ள இருக்கிறவன் யாரைக் கூப்பிடுறான்? கடவுளைத்தானே?”

“கூப்பிடட்டும். வந்து கதவைத் திறக்கிறது நான்தான்.”

அத்தைக்கு உயிர் வந்தது. “நல்லவேளை வந்தீங்க. நீங்களே படிச்சுடுங்க.”

தையல்காரர் நண்பரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாட்டேம்மா. எனக்குப் பிள்ளைகுட்டி இல்லை. நான் போனா யார் படிப்பாங்கன்னு ஒருநாள் புலம்பினேன். ‘நான் படிக்கிறேன்டா. நம்ப மாட்டேன், ஆனா படிப்பேன்’னான். பதிலுக்கு, அவன் போனா நான் வாயைத் திறக்கக் கூடாதுன்னு பேச்சு.” கை காலருக்குப் போனது. “சின்ன வயசுப் பழக்கம். பிரார்த்தனை தானா வாயில வந்துடுமோன்னுதான் பயமா இருக்கு.”

காலரிலிருந்து மூன்று குண்டூசிகளை உருவி, துணிக்கு அளவு குறிக்கும்போது செய்வதுபோல, உதடுகளுக்கு நடுவே வைத்து அழுத்திக்கொண்டார்.

அத்தை அதன் பிறகு கேட்கவில்லை. தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகைக்கு அப்பாவே மறுப்புச் சொல்லியிருக்க மாட்டார்.

கல்லூரிக்குக் கொடுக்க வேண்டிய தாள்களைத் தேடி மகள் அப்பாவின் கருவிப்பையைத் திறந்தாள். அவற்றோடு ஒரு பழைய சர்வீஸ் சீட்டும் வந்தது. பின்பக்கத்தில் அப்பாவின் கோணல் எழுத்தில் ஒரு பிரார்த்தனை. மூச்சு விட வேண்டிய இடங்களில் சிவப்புக் கோடு. ஆறு மாதமாகக் குளியலறையில் அவர் முணுமுணுத்ததை, ஒழுகும் குழாயைத் திட்டுகிறார் என்றல்லவா நினைத்திருந்தாள்! இப்படி ஒரு அப்பாவும், அவருக்கு இப்படி ஒரு சிநேகிதரும் வாய்த்ததை நினைத்து அவளுக்கு மனசு நிறைந்துபோனது. காலையிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது.

வண்டி வந்தது. அப்பா எண்ணெய் போட்டு வளர்த்த லிஃப்ட், அவரைக் குலுங்காமல் கீழே இறக்கியது. தையல்காரர் வாய் திறக்காமல் பக்கத்திலேயே நின்றார்.

வண்டி தெருமுனை திரும்பிய பிறகுதான் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மகளின் உள்ளங்கையில் வைத்தார். அவள் சீட்டை நீட்டினாள். வெகுநேரம் படித்தார்.

“ரெண்டு இடத்துல தப்பா எழுதியிருக்கான்.”

“திருத்திக் கொடுங்க மாமா. நான் மனப்பாடம் பண்ணி வெச்சுக்கறேன்.”

“உனக்குத்தான் நம்பிக்கை இல்லையேம்மா?”

“அப்பாவுக்கும்தான் இல்லை.”

அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்தார். தாளை வைத்து எழுத அங்கே எதுவும் இல்லை. அவள் திரும்பி, கொஞ்சம் குனிந்து முதுகைக் கொடுத்தாள். பென்சில் முனை முதுகில் இரண்டு இடத்தில் மெல்ல அழுந்தியது.