மூணு பேருக்கும் சேத்து

ஜூலை 16, புதன். பேனர் கடையிலிருந்து வந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்க்காமல் ‘சரி’ என்று பதில் போட்டுவிட்டேன். தப்பு என்னுடையதுதான்.

அன்றைக்குச் சாயங்காலம் பிரவீனா டைரியில் எழுதிய முதல் வரிகள் இவை. காலையில் அவளுக்கு உட்காரவே நேரமில்லை. தெருமுனையில் மின்கம்பத்தை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலின் மேல் நின்றுகொண்டு, புருஷனின் டூல் பையிலிருந்து எடுத்த கறுப்பு இன்சுலேஷன் டேப்பைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள்.

பேனரில் அவளுடைய மாமனார் நாகப்பன் சிரித்துக்கொண்டிருந்தார். வாழ்நாளில் போட்டறியாத கோட்டு ஒன்றைக் கடைக்காரர் அவருக்கு மாட்டிவிட்டிருந்தார். கண்ணீர் அஞ்சலிக்குக் கீழே சொந்தங்களின் பெயர்கள். தம்பி ஏகாம்பரம் (ரியல் எஸ்டேட்). மகன் நா. கார்முகில் (ஜெர்மனி). மருமகள் பிரவீனா. அவள் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் அடைப்புக்குறி இல்லை.

கார்முகில் ஜெர்மனியைப் படத்தில்தான் பார்த்திருந்தான். அந்த நேரத்தில் அவன் ஷாமியானாவுக்குக் கீழே வாடகை நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தான்.

பிரவீனாவுக்கு ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்கிற கம்பெனியில் குவாலிட்டி வேலை. நாளெல்லாம் ஒவ்வொரு பாகத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்து ஒதுக்குகிறவள், மாமனாரின் பேனரைக் கோட்டைவிட்டாள்.

“இன்னாம்மா பண்ற?” கீழேயிருந்து ஏகாம்பரத்தின் குரல் வந்தது.

“ஜெர்மனிய மறைக்கிறேன் சின்ன மாமா.”

“அட, அத்த நான்தான் சொல்லிப் போட வெச்சேன். நாலு பேரு வந்து பாக்கற எடம். அண்ணனுக்கும் பெருமதான?”

“போவாத ஊரப் போட்டா என்ன பெருமை? அப்படியே போனாலும் அவரு மட்டும் போகலியே.”

“அத்த அப்பறம் பேசிக்கலாம். மொதல்ல எறங்கு. சாவு வூட்டுல மருமவ கம்பத்துல ஏறிகினு நிக்கறா, பாக்கறவன் இன்னா சொல்லுவான்?”

“கம்பம் இல்ல, ஸ்டூலு” என்று சொன்னவள், டேப்பைக் கட்டைவிரலால் நன்றாக அழுத்தித் தேய்த்துவிட்டுத்தான் இறங்கினாள்.

ஜெர்மனிக்குப் போக அவர்கள் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஏகாம்பரத்துக்குத் தெரிந்த ஏஜென்ட் சொன்ன வழியில் கார்முகில் மட்டும் ஒப்பந்த வேலைக்குப் போவான். குடும்பத்தை அப்புறம் கூப்பிட்டுக்கொள்ளலாம். அந்த ‘அப்புறம்’ எப்போது வரும் என்று பிரவீனா கேட்டபோது ஏஜென்ட் சிரித்தான். இன்னொரு வழி அவள் பெயரில். டிப்ளமோவுக்கு மேல் வேலை பார்த்துக்கொண்டே பி.இ. முடித்தவள், ஸ்ரீபெரும்புதூரில் சாயங்கால வகுப்பில் ஜெர்மன் படித்துத் தேறியிருந்தாள். அங்கே ஒரு கம்பெனி வேலைக் கடிதம் அனுப்பியிருந்தது. படிப்பையும் அனுபவத்தையும் பார்த்துக் கொடுக்கிற அந்த விசாவுக்கு அவள் விண்ணப்பித்தால், புருஷனும் குழந்தையும் கூடவே விண்ணப்பிக்கலாம். போன இடத்தில் அவனும் வேலை தேடிக்கொள்ளலாம். மூன்று பேரும் சென்னையில் விசா மையத்துக்கு நேரில் போகவேண்டிய நாள் வருகிற வெள்ளிக்கிழமை. அதை விட்டால் அடுத்த தேதி எப்போது கிடைக்குமோ தெரியாது. கம்பெனி அதுவரை காத்திருக்காது.

எதையும் ஒரு தடவை பார்த்து நம்புகிறவள் இல்லை அவள். இரண்டு விசாக்களின் விதிகளையும் மாறி மாறிப் படித்தாள். தன் கணக்கு தப்போ என்று பயந்து மறுபடியும் படித்தாள். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில்தான் வந்து நின்றாள். கார்முகிலும் சரி என்றுதான் சொன்னான். ஆனால் கம்பெனியில் அவன் வேலை செய்கிற லைனில் யாரோ, “இன்னா மச்சி, பொண்டாட்டிக்கு லக்கேஜா போறியா?” என்று கேட்டுவிட்டார்கள். அன்றையிலிருந்து அந்தச் ‘சரி’ கம்மிப்போய்விட்டது.

நாகப்பன் இந்தப் பேச்சில் எந்தப் பக்கமும் சேரவில்லை. “அங்க தயிரு கெடைக்குமா?” என்று மட்டும் ஒரு நாள் கேட்டார். கிடைக்கும் என்று சொன்னதும் அவருக்கு விசாரிக்க வேறொன்றும் இருக்கவில்லை. லாரி கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. பகல் டூட்டி இருக்கிற வாரங்களில், அவள் வகுப்பு முடிந்து வரும் நேரத்துக்கு மண்ணூர் திருப்பத்தில் மொபெட்டோடு நின்றிருப்பார். நேற்றுக் காலை நைட் டூட்டி முடிந்து வந்தவர் ஒரு ஷூவைக் கழற்றினார். இன்னொன்றைக் கார்முகில்தான் கழற்ற வேண்டியிருந்தது.

சாவு வீட்டுக்கு வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்திலேயே ஏகாம்பரம் விசாவையும் முடிவு செய்துவிட்டார். மாமியார் காவேரி தனி ஆளாகிவிட்டாள். ஆகவே பிரவீனாவும் குழந்தையும் அவளுக்குத் துணையாக இருக்கட்டும், கார்முகில் ஏஜென்ட் வழியில் போகட்டும். ஆம்பிளை முன்னால் போய் இடம் பிடிப்பதுதான் முறை. வெள்ளிக்கிழமை எங்கேயும் போகக் கூடாது. கொள்ளி வைக்கிறவன் பதினாறு முடிகிற வரைக்கும் வாசல்படி தாண்டலாமா?

இதையெல்லாம் அவர் பிரவீனாவிடம் சொல்லவில்லை. நாற்காலி நாற்காலியாகப் போய்ச் சொன்னார்.

பின்கட்டில் தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் அவள் கார்முகிலைப் பிடித்தாள். குளிக்கப் போவதற்காகத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தான்.

“வெள்ளிக்கெழமை வர்றீங்களா இல்லியா?”

“அப்பா படுத்துகினு கீறாரு பிரவீ. இப்ப போயி இத்தக் கேக்கறியே.”

“இப்பதான எல்லாரும் முடிவு பண்றாங்க. நான் மட்டும் அப்பறமா பேசணுமா?”

“அம்மாவ எப்படி வுட்டுட்டுப் போறது?”

“உங்க சித்தப்பா சொல்ற வழியில போனாலும் நீங்க விட்டுட்டுத்தான போவீங்க? அம்மாவையும் விடுவீங்க, என்னையும் விடுவீங்க, பாப்பாவையும் விடுவீங்க.”

அவன் டிரம்முக்குள் பார்த்தான். சொம்பு அடியில் கிடந்தது. குனிந்து எடுக்கப் போனவனை யாரோ வாசலிலிருந்து கூப்பிட்டார்கள். போய்விட்டான்.

கூடத்தில் ஐஸ் பெட்டியைச் சுற்றிப் பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெளியே மேளக்காரர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். அந்த நிசப்தத்தில் காவேரியின் குரல் எழுந்தது. கம்பெனி கேன்டீனில் பாத்திரச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல்.

“கேட்டக் காத்த ராசாவே – இப்போ
கண்ண மூடிப் படுத்தியளே!
சீமைக்குப் போறான் மவன் – கூடவே
சின்னவளும் போயிப்புட்டா
வெளக்கேத்த ஆளில்லாம – இந்த
வூடிருண்டு போயிடுமே!”

“ஆமாண்டி யம்மா, இருண்டுதான் போயிடும்” என்று பக்கத்தில் ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். ஒன்றிரண்டு தலைகள் பிரவீனாவின் பக்கம் திரும்பின. வாசலில் ஏகாம்பரம் கைகட்டி நின்று, தன் பேச்சுக்குச் சாட்சி கிடைத்தாற்போலத் தலையாட்டினார்.

ஒப்பாரியில் சொல்வதை யாரும் குறுக்கே மறிப்பதில்லை. அது செத்தவரிடம் சொல்வது. சுற்றி இருப்பவர்கள் கேட்டுக்கொள்ளலாம், பதில் பேச முடியாது. பதில் சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால் பாடத்தான் வேண்டும்.

பிரவீனா பாடியதே இல்லை. தப்பாகிவிடும் என்று தெரிந்தது. தெரிந்தேதான் மாமியாரின் தோளில் கையைப் போட்டாள்.

“மண்ணூரு திருப்பத்துல – வண்டியோட
நின்ன மாமா!
யாருன்னு கேக்காம – கேட்டத்
தொறந்த மாமா!
பிரிச்சு அனுப்பினாத்தான் – பொழப்புன்னு
சொல்றாங்க மாமா,
பிரிஞ்சு போனவங்க – சேந்தத நான்
பாக்கலியே மாமா!
என் பேருல போட்ட விசா – அது
மூணு பேருக்கும் சேத்து விசா!
வெள்ளிக்கெழம போறோம் மாமா – நாங்க
மூணு பேரும் போறோம் மாமா!”

ராகம் பாதியிலேயே விட்டுப்போயிருந்தது. கடைசி வரி கத்தலாகவே வந்தது. கூடத்தில் யாரும் மூக்கைச் சிந்தவில்லை.

“இன்னாடி இது, ஒப்பாரில விசா வருது” என்று ஒரு கிழவி பக்கத்துக் காதில் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. ஒருத்தி சிரிப்பை முந்தானையால் பொத்திக்கொண்டு அழுகிறாற்போலக் குலுங்கினாள்.

காவேரி மருமகளின் கையைத் தோளிலிருந்து தள்ளவில்லை. பிடித்துக்கொள்ளவும் இல்லை. பெட்டியின் கண்ணாடியில் படிந்த ஈரத்தைப் புறங்கையால் துடைத்துவிட்டு உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் ஏகாம்பரம் கட்டியிருந்த கையை இறக்கினார். ஜன்னலுக்கு வெளியே, தலையில் நீர் சொட்ட, கார்முகில் நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று பிரவீனாவுக்குத் தெரியாது.

மேளக்காரர்கள் திரும்பி வந்தார்கள். அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. குளிப்பாட்டினார்கள், கோடி போர்த்தினார்கள், வாய்க்கரிசி போட்டார்கள். பூத்தேரில் ஏற்றியதும் சரவெடி வெடித்தது. தெருமுனை வரைக்கும் பெண்கள் போய் நின்றுவிட்டார்கள். கம்பெனி பஸ் ஒன்று தேர் திரும்புகிற வரைக்கும் ஓரமாக ஒதுங்கி நின்றது. ஜன்னலோரம் இருந்தவர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்கள்.

வீட்டைக் கழுவிவிட்டு, குளித்துத் தலை துவட்டாமல் வந்து உட்கார்ந்தபோது, கூடத்தில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். குழந்தை பக்கத்து வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. பிரவீனா காபி கலந்து டம்ளரை மாமியாரின் முன்னால் வைத்தாள்.

“தப்பாப் பாடிட்டேன் அத்தை.”

“பாட்டா அது? லோடு ஏத்தறவன் கத்தற மாரி கத்தன.” காவேரி டம்ளரை எடுத்தாள். “எனக்குத் தொண வேணும்னு நான் எப்ப சொன்னேன்?”

“பாட்டுல சொன்னீங்களே.”

“பாட்டுல ஆயிரம் சொல்லுவாங்க.”

கொஞ்ச நேரம் குடித்தாள். பிறகு டம்ளருக்குள் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “வேணுந்தான். இல்லன்னு சொன்னா பொய். எட்டு மணி பஸ்ஸுக்குப் போயி சாயங்காலம் வந்து கதவத் தொறந்தா யாரு இருப்பா? இரேண்டி. ஒரு வருசம் இரு.”

பாட்டுக்குப் பதில் சொன்னதைவிட இது கஷ்டமாக இருந்தது. பிரவீனாவுக்குத் தன் கணக்கு முழுவதும் ஒருமுறை ஆட்டம் கண்டது. தப்போ? மறுபடி முதலிலிருந்து யோசித்தாள். அதே இடத்தில்தான் வந்து நின்றாள்.

“இல்ல அத்தை. நான் போறேன்.”

“பாவின்னு சொல்லுவாங்கடி உன்ன.”

“சொல்லட்டும்.”

“நானும் சொல்லுவேன்.”

“நீங்க சொல்லலாம்.”

காவேரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “காப்பில சக்கர இல்ல” என்று டம்ளரை நீட்டினாள். பிரவீனா எழுந்து போய்ச் சர்க்கரை போட்டுக்கொண்டு வந்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் ஆண்கள் வந்தார்கள். வாசலில் தண்ணீரை மிதித்துக் கால் கழுவிக்கொண்டு, விளக்கைப் பார்த்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள். கார்முகில் கடைசியாக வந்தான். சுடுகாட்டில் தலையையும் மீசையையும் மழித்திருந்தார்கள். காதுக்கு மேலே ஒரு கீறலில் ரத்தம் காய்ந்திருந்தது. மீசை இல்லாத அவன் முகத்தைப் பிரவீனா அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தாள்.

ஏகாம்பரத்தின் போன் அடித்தது. “டேய் கார்முகிலு, ஏஜென்ட்டுதான். துக்கம் விசாரிக்கறான். அப்படியே ஒரு வார்த்த சரின்னு சொல்லிடு, அவன் மேற்கொண்டு பாத்துப்பான். இந்தா.”

நீட்டிய போனுக்குக் கார்முகில் கை நீட்டவில்லை. வெறும் தலையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டான். பிறகு பிரவீனாவைப் பார்த்து, “ஃபைல்ல கீற போட்டோல முடி இருக்குதே. அத்தக் குடுத்தா ஒத்துக்குவாங்களா?” என்று கேட்டான்.

“டேய், உன்னத்தான். லைன்ல கீறான்டா.”

“மாட்டாங்க” என்றாள் பிரவீனா. சொன்ன பிறகு சந்தேகம் வந்தது. யோசித்துப் பார்த்தாள். “மாட்டாங்க. இப்ப எப்படி இருக்கீங்களோ அப்படித்தான் இருக்கணும்.”

“மீசையும் இல்லியே.”

“பரவால்ல.”

“சித்தப்பா, அப்பறமா பேசறேன்னு சொல்லிடுங்க” என்றான் கார்முகில்.

ஏகாம்பரம் போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்கு இறங்கிப் போனார். காவேரி எழுந்து உள்ளே போய்த் தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்து வந்து, மகனுக்குப் பின்னால் உட்கார்ந்து, கீறலில் தொட்டு வைத்தாள். அவன் சுருக்கென்று தலையை இழுத்துக்கொண்டான். “ஆடாத” என்றாள் அவள்.

பிரவீனா டைரியை எடுத்து அன்றைய தப்பை முதலில் எழுதினாள். நடந்த மற்றவற்றை எழுதவில்லை. பக்கத்தின் அடியில், வழக்கம்போல, மறுநாள் வேலையை எழுதினாள்.

நாளை: விடிந்ததும் பால் தெளிப்பு. அது முடிந்ததும் ஸ்ரீபெரும்புதூர் ஸ்டூடியோ. அவருக்குப் புது போட்டோ, வெள்ளைப் பின்னணி.